பிரிட்டன்: விசா தீர்மானிக்கும் அடைக்கலம்

பிரிட்டனில் கணவரின் வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்ணுக்குக் காப்பகத்தில் இடம் கிடைப்பது, அவருடைய விசாவையும் பொறுத்ததாகவே இருந்து வருகிறது. காப்பக வாடகை பெரும்பாலும் அரசின் வீட்டுவசதி உதவித்தொகையிலிருந்து செலுத்தப்படுகிறது. கணவரைச் சார்ந்த விசாவில் வந்தவருக்கோ அந்த உதவித்தொகை பெறும் உரிமை இல்லை.

சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் போன்ற அமைப்புகளின் நீண்ட போராட்டத்தையடுத்து 2012இல் இதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. பிரிட்டிஷ் பிரஜைகள், நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்கள் ஆகியோரின் மனைவியர் மூன்று மாதங்களுக்கு அரச உதவி பெறவும், அதற்குள் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கவும் வழி பிறந்தது.

மாணவர், தொழிலாளர் விசாவில் இருப்போரின் மனைவியருக்கு இச்சலுகை 2024 பெப்ரவரியில்தான் கிட்டியது. அண்மைய ஆண்டுகளில் படிப்புக்கும் வேலைக்குமாக வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. ஆனால் அதுவும் அரைகுறைச் சலுகையே. நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும் வழி இவர்களுக்குத் திறக்கப்படவில்லை. சலுகையைப் பெற்றதும் முன்பிருந்த விசாவும் இல்லாமல் போகிறது. மூன்று மாதங்கள் முடிந்தபின் நாட்டில் தங்குவதே கேள்விக்குறியாகிறது. "போலீசுக்குப் போனால் உன்னை நாடு கடத்திவிடுவார்கள்" என்று மிரட்டும் கணவருக்கு இந்த இடைவெளியே துணைபோகிறது. எனவே, விண்ணப்பிக்குமுன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையைப் பெறுவது இன்றியமையாதது.