சிறிய டிரெய்லர் வாங்கும் முன்: சட்டமும் பாரமும்

ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் வட்டாரங்களில் தோட்ட வீட்டைக் காலி செய்து தாமான் வீட்டுக்கு மாறும் குடும்பங்களுக்கு முதலில் வரும் கேள்வி, சாமான்களை எதில் ஏற்றுவது என்பதுதான். குடிபோன பிறகும் சுமை ஓய்வதில்லை. உர மூட்டை, சிமெண்டு, பழைய அலமாரி, மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலையில் போடும் தண்ணீர்ப் பந்தலின் சாமான்கள் என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் லோரிக்குக் கூலி கொடுப்பதைவிட, காரின் பின்னால் மாட்டி இழுக்கும் சிறிய டிரெய்லர் ஒன்று வாங்கிவிடலாமே என்று பலருக்கும் தோன்றும்.

வாங்கலாம். ஆனால் பணம் கொடுக்கும் முன் இரண்டைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று சட்டம், மற்றது பாரம்.

சட்டப்படி அதுவும் ஒரு வாகனம்

தோட்டத்தில் டிராக்டரின் பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய வண்டி ஓடுவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். இஞ்சின் இல்லாத வண்டிக்குப் பத்திரம் எதற்கு என்று நினைப்போம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ‘மோட்டார் வாகனம்’ என்பதற்கு அது தரும் விளக்கத்தில், மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் வண்டியும் அடங்கும்.

ஆகவே காருக்குச் செய்வதை டிரெய்லருக்கும் செய்ய வேண்டும். சட்டத்தின் 7ஆவது பிரிவு பதிவையும், 15ஆவது பிரிவு சாலை வரி என்று நாம் சொல்லும் வாகன உரிமத்தையும், 90ஆவது பிரிவு மூன்றாம் தரப்புக் காப்புறுதியையும் கேட்கின்றன. பட்டறையில் வெல்டிங் செய்து வாங்கி, அப்படியே ஏஎம்ஜே நெடுஞ்சாலையில் ஏற்றிவிட முடியாது.

முன்பணம் கொடுக்கும் முன் ஜேபிஜே அலுவலகத்துக்குப் போய் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்த வகை டிரெய்லரைப் பதிவு செய்ய என்னென்ன பத்திரம் வேண்டும்? காரின் பின்னால் இழுவைக் கம்பி பொருத்த அனுமதி பெற வேண்டுமா? எந்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும்? என் கையில் உள்ள ஓட்டுநர் உரிமம் போதுமா? விற்பவர் “அதெல்லாம் தேவையில்லை, யாரும் பிடிக்க மாட்டார்கள்” என்று சொன்னால் அங்கே வாங்காதீர்கள். விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஓட்டியவரும் வண்டிக்குச் சொந்தக்காரரும்தான். கார் காப்புறுதி நிறுவனத்திடமும் டிரெய்லர் இழுக்கப் போவதைச் சொல்லி, பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு ஏற்றலாம்?

முதலில் காரின் கையேட்டைத் திறந்து, அந்தக் கார் எவ்வளவு எடை இழுக்கலாம் என்று பாருங்கள். இழுக்கக் கூடாது என்று இருந்தாலோ, எடையே குறிப்பிடப்படாமல் இருந்தாலோ அந்தக் காரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

பிரிட்டனில் ஒரு விதி உண்டு. தனி பிரேக் இல்லாத டிரெய்லர், சுமையோடு சேர்த்து 750 கிலோவையோ காரின் எடையில் பாதியையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. நம் ஊரிலும் மனத்தில் வைத்துக்கொள்ள நல்ல அளவு இது. 1,000 கிலோ எடையுள்ள கார் என்றால் 500 கிலோ. டிரெய்லரே 150 கிலோ இருந்தால் சுமைக்கு மிச்சம் 350 கிலோ. அதாவது 50 கிலோ சிமெண்டு மூட்டை ஏழு.

பலர் ஏமாறுவது மணலில்தான். ஐந்தடி நீளம், நான்கடி அகலம் உள்ள டிரெய்லரில் ஓரடி உயரத்துக்கு மணல் கொட்டினால் சுமார் 900 கிலோ வரும். நனைந்த மணல் இன்னும் கனக்கும். பார்வைக்குப் பாதி வண்டிதான் நிறைந்திருக்கும், ஆனால் பாரம் இரண்டு மடங்கைத் தாண்டியிருக்கும். தண்ணீர் நிரப்பிய 200 லிட்டர் தோம்பு ஒன்றே 200 கிலோ.

மாட்டு வண்டிக் கணக்கு

மலாக்காவின் மாட்டு வண்டி இன்று சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் பொருளாகிவிட்டது. ஆனால் வண்டிக்காரர்களின் பாடம் இன்றும் பொருந்தும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நசுங்கும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். அச்சுக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாகப் பாரம் இருக்க வேண்டும்.

டிரெய்லரும் அப்படித்தான். பின்பாரமாக ஏற்றினால் காரின் பின் சக்கரங்கள் லேசாகும். வேகம் கூடியதும் டிரெய்லர் பாம்பு போல இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கும். முன்பாரம் மிஞ்சினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து, முன் சக்கரங்களுக்குச் சாலையில் பிடிப்புக் குறையும்.

சுமையில் பத்துக்கு ஆறு பங்கை அச்சுக்கு முன்னால் வையுங்கள். இணைப்புத் தலை கீழே அழுத்தும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருக்கலாம். மொத்தம் 500 கிலோ என்றால் 50 கிலோ. இதற்கும் கார் கையேட்டில் ஓர் உச்ச வரம்பு இருக்கும், அதை மீறக் கூடாது. சமதரையில் டிரெய்லரை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இணைப்புத் தலைக்குக் கீழே ஆள் எடை பார்க்கும் தராசை வைத்து நீங்களே அளந்துவிடலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

காரில் உள்ள இணைப்புக் குண்டும் டிரெய்லரின் தலையும் ஒரே அளவில் இருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் தலையில் 47.6 மில்லிமீட்டர் குண்டு பார்வைக்குப் பொருந்தியது போலவே இருக்கும், பள்ளத்தில் குதித்தால் கழன்றுவிடும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டு இருக்க வேண்டும். அவற்றை இணைப்புக்குக் கீழே குறுக்காக மாட்டினால், தலை கழன்றாலும் சாலையில் விழாமல் சங்கிலி தாங்கும்.

வெல்டிங் பிளந்திருக்கிறதா, அடிச்சட்டம் துருவேறி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பேரிங் உரசும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பிரேக் விளக்கும் சிக்னலும் காரோடு சேர்ந்து எரிய வேண்டும். பதிவு எண் தெளிவாகத் தெரிய வேண்டும்.

ஓட்டும்போது

கிளம்பிப் பத்து கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்துங்கள். சக்கர நட்டுகளை மறுபடி முடுக்கி, கயிறும் பெல்ட்டும் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள். சூடு கையைச் சுட்டால் பேரிங்கில் கோளாறு. மட்டை, தகரம் போன்றவை பறக்காதபடி வலை போட்டுக் கட்டுங்கள்.

முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள், மழையில் இன்னும் கூடுதலாக. டிரெய்லர் ஆடத் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். எண்ணெய்க் காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலே வேகம் குறைந்து ஆட்டம் அடங்கும்.

பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும்.

எவ்வளவு குறுகிய தூரமானாலும் டிரெய்லரில் ஆளை ஏற்றாதீர்கள். கோயில் திருவிழாவுக்குப் பிள்ளைகள் ஆசையாக ஏறுவார்கள், பெரியவர்கள்தான் இறக்கிவிட வேண்டும்.

வீட்டில் நிறுத்தும்போது

முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தினால் மழைநீர் வடியும். தேங்கினால் துரு மட்டும் பிடிப்பதில்லை, ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். வீட்டு வளாகத்தில் கொசு முட்டைப்புழு கண்டால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்கீழ் அபராதம் உண்டு.

கடைசியாக ஒரு கணக்கு. சென்ற ஆண்டில் எத்தனை முறை சுமை ஏற்ற வேண்டியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். மூன்று நான்கு முறைதான் என்றால், பதிவு, சாலை வரி, காப்புறுதி, டயர் செலவுகளைக் கூட்டிப் பார்க்கும்போது லோரிக் கூலியே மலிவாக இருக்கும். மாதா மாதம் வேலை இருப்பவர்கள் வாங்கலாம், பத்திரம் எல்லாம் சரியாக உள்ள வண்டியாகப் பார்த்து.