டிரம்ஸ் சத்தத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு

நம் குடியிருப்பில் சில பிள்ளைகள் டிரம்ஸ் கற்கிறார்கள். சத்தம் பற்றிச் சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்ததால் இந்தச் சிறு குறிப்பு.

அவர்கள் திரும்பத் திரும்ப அடிப்பதற்கு ‘ஃபில்’ என்று பெயர். பல்லவி முடிந்து சரணம் தொடங்குமுன் சில நொடிகள் உருட்டி அடித்து, சரியான இடத்தில் வந்து சேர வேண்டும். வங்கியில் மாலை கேஷ் டேலி ஆவதுபோல; ஓர் அடி கூடினாலும் குறைந்தாலும் தெரிந்துவிடும்.

பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் இடதுகைக்காரர். வலதுகைக்காரருக்கான அமைப்பிலேயே வாசித்ததால் அவருடைய ஃபில்கள் தனி மாதிரி. 1981-இல் ‘இன் தி ஏர் டுநைட்’ பாட்டில் பில் காலின்ஸ் மூன்றரை நிமிடத்துக்குமேல் காக்க வைத்து அடித்த ஃபில்லை இன்றும் பலர் அடித்துப் பழகுகிறார்கள்.

இது நமக்கும் அந்நியமில்லை. குரங்கணியிலிருந்து இறங்கி, போடி, தேவாரம் தாண்டினால் பண்ணைப்புரம். அங்கே பிறந்த இளையராஜா 1976-இல் ‘அன்னக்கிளி’ மூலம் திரைக்கு வந்தார். அவர் குழுவில் பல்லாண்டு டிரம்ஸ் வாசித்தவர் புருஷோத்தமன். 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில், ‘மடை திறந்து’ பாட்டில் அவரைத் திரையிலேயே பார்க்கலாம்.

ஆகவே தடை வேண்டாம். மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். மற்ற நேரத்தில் பிள்ளைகள் ரப்பர் பேடில் பழகட்டும்.