கிணற்றை யார் வரைவது?

மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா? தஞ்சைப் பக்கத்து ஊர்களில் காமன் பண்டிகையின்போது இந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு விடிய விடியப் பாடியிருக்கிறார்கள். எரிந்த கட்சி ஒருபுறம், எரியாத கட்சி மறுபுறம். நெற்றிக்கண் திறந்தது, ஆள் சாம்பல் என்று ஒரு தரப்பு புராண ஆதாரத்தோடு பாடும். ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறானே, எரிந்தவன் எப்படித் தெரிவான் என்று மறுதரப்பு மடக்கும். மராத்தியர் ஆட்சியோடு தஞ்சைக்கு வந்து தமிழாகிப்போன லாவணி இது. கேட்க வந்தவர்கள் எல்லோருக்கும் கதை முன்பே தெரியும். அடுத்த முறை யாருடையது, அவர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்பதற்காகத்தான் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கதையை நகர்த்தும் உரிமை யாரிடம் இருக்கிறது? மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி விளையாடும் டேபிள்டாப் விளையாட்டுகளின் வரலாறு முழுக்க இந்தக் கேள்விக்குக் கிடைத்த வெவ்வேறு பதில்கள்தான்.

நம்மிடம் இருந்த பழைய பதில், தாயம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதத்தில் மனித வாழ்க்கை முழுதும் கட்டங்களாக வரையப்பட்டிருக்கிறது. புண்ணியம் ஏணி, பாவம் பாம்பு. ஆனால் ஆடுபவர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. தாயம் சொல்கிறது, காய் போகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது இங்கிலாந்துக்குப் போய்க் குழந்தைகள் விளையாட்டாக விற்பனைக்கு வந்தது. காலப்போக்கில் பாவ புண்ணியம் உதிர்ந்து, எண்கள் மட்டும் மிஞ்சின.

இரண்டாவது பதில், நடுவர். 19ஆம் நூற்றாண்டு பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி தர ‘கிரீக்ஸ்பீல்’ என்ற போர் விளையாட்டை வைத்திருந்தது. வரைபடத்தின் மேல் படைகள், நடுவில் தீர்ப்புச் சொல்ல ஒருவர். 1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் இதில் ஒரு மாற்றம் செய்தார். ‘பிரவுன்ஸ்டைன்’ என்ற கற்பனை ஊரை உருவாக்கி, ஆளுக்கொரு படையைக் கொடுக்காமல் ஆளுக்கொரு மனிதரைக் கொடுத்தார். ஒருவர் மேயர், ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர், இப்படி. சண்டை தொடங்குவதற்கு முன்பே ஆட்கள் தனித்தனியாகப் போய் ரகசியம் பேசி, பேரம் நடத்தி, நடுவரைத் திணறடித்துவிட்டார்கள். வெஸ்லிக்கு அது தோற்றுப்போன விளையாட்டாகத் தெரிந்தது. ஆடியவர்களோ இன்னொரு முறை வேண்டும் என்றார்கள். அந்த வட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன், கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளியிட்டார். முதல் பதிப்பு 1,000 பிரதிகள்.

இதில் உலகம் முழுக்க ஒருவர் கையில்தான். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, ஊர்த்தலைவன் நல்லவனா கெட்டவனா, எல்லாம் டன்ஜன் மாஸ்டர் சொல்வதே. மற்றவர்களுக்குச் சொந்தமானது அவரவர் பாத்திரம் மட்டும். நல்ல நடுவர் கிடைத்தால் சொர்க்கம். கிடைக்காவிட்டால் மாமா வீட்டு விசேஷத்தில் மைக்கை விடாத பெரியவர் கதைதான்.

2000க்குப் பிறகு இண்டி வடிவமைப்பாளர்கள், அதாவது பெரிய கம்பெனி எதையும் நம்பாமல் தாங்களே எழுதி, தாங்களே அச்சிட்டு விற்றவர்கள், இந்த அதிகாரத்தைப் பிரிக்கத் தொடங்கினார்கள். ஜேசன் மார்னிங்ஸ்டாரின் ‘ஃபியாஸ்கோ’வில் (2009) நடுவரே கிடையாது. வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் எழுதிய ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ (2010) நடுவருக்கும் விதிகள் வைத்தது. அந்த விதிகளின் எலும்புக்கூட்டை எடுத்து மற்றவர்கள் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் செய்தார்கள். எங்கள் துறையில் ஒரு கோடை ஃபோர்க் செய்வது போல. 2013இல் கனடாவைச் சேர்ந்த ஏவரி ஆல்டர் ‘தி க்வயட் இயர்’ எழுதினார். திண்டுக்கல்லில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் ஐந்து பேர் ஃபோர்க் செய்தது இதைத்தான்.

விதிகள் எளிமையானவை. ஒரு வெள்ளைத்தாள், ஒரு சீட்டுக்கட்டு. 52 சீட்டு, 52 வாரம். நான்கு வகைச் சீட்டு, நான்கு பருவம். போரில் தப்பிப்பிழைத்த ஒரு சமூகத்துக்கு அமைதியாக ஒரு வருடம் கிடைத்திருக்கிறது. ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது ஒரு சீட்டை எடுத்து, அது கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லி, தாளில் எதையாவது வரைய வேண்டும். அடுத்தவர் முறையில் வாய் திறக்கக்கூடாது. கடைசிப் பருவத்தின் ராஜா சீட்டு வந்தால் ஆட்டம் முடிந்தது.

அமைதியான வருடம் என்றதும் எங்களுக்குத் தோன்றியது விருப்பாச்சி. ஒட்டன்சத்திரம் தாண்டி, பழனி மலை அடிவாரத்தில் இருக்கும் ஊர். 1772இல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியோடு இந்தப் பக்கம் வந்து, பாளையக்காரர் கோபால நாயக்கரின் பாதுகாப்பில் இருந்தார். திண்டுக்கல் கோட்டை அப்போது ஹைதர் அலியின் வசம். அவருடைய படை உதவியோடு 1780இல் சிவகங்கை மீட்கப்பட்டது. அடைக்கலம் கொடுத்த கோபால நாயக்கரை 1801இல் ஆங்கிலேயர் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள்.

மேடைகளில் 1772ஐச் சொல்வார்கள், 1780ஐச் சொல்வார்கள். நடுவில் எட்டு வருடம் ஒரு வரியில் கடந்துபோகும். அந்த எட்டு வருடமும் யாரோ சமைத்திருக்கிறார்கள், யாரோ தண்ணீர் இறைத்திருக்கிறார்கள், யாரோ ‘இவங்க எப்ப கிளம்புவாங்க?’ என்று முணுமுணுத்திருக்கிறார்கள். அதில் ஒரு வருடத்தை ஆடுவதென்று முடிவு செய்தோம். பருவங்களைக் கோடை, ஆடிக்காற்று, ஐப்பசி மழை, மார்கழிப்பனி என்று மாற்றினோம். ராஜா சீட்டு வந்தால் சிவகங்கைக்குப் படை கிளம்பும்.

தமிழில் ஆடும்போது முதலில் இடறியது மொழி. ஆங்கிலத்தில் ‘யூ’ என்று தொடங்கிவிட்டால் போதும். யாருக்கு யார் என்ன முறை என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தமிழில் முதல் வாக்கியத்தின் வினைமுற்றே அதைச் சொல்லிவிடும். “வாங்க”வா, “வாப்பா”வா, “வாடா”வா? தண்ணீர் கேட்டு வந்த படைவீரனாக ஒருவர் வாய் திறந்த நொடியிலேயே, ஊர்க்காரர்களில் யார் மேல், யார் கீழ் என்று ஆகிவிட்டது. அப்படி யாரும் திட்டமிடவில்லை. இலக்கணம் செய்த வேலை.

அடுத்தது வரைபடம். கோட்டைச்சுவர் வந்தது, குளம் வந்தது, கோயில், சந்தை, புளியந்தோப்பு எல்லாம் வந்தன. ஆறாவது வாரத்தில் எங்களில் ஒருவர், அரசு மருத்துவமனையில் செவிலியராக இருப்பவர், தாளின் விளிம்பில் நான்கு குடிசை வரைந்து, அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிணற்றை வரைந்தார். “இன்னொரு கிணறு,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்தவர் முறையில் பேசக்கூடாது என்பதால் யாரும் ‘அதெல்லாம் எதுக்கு இப்ப’ என்று கேட்க முடியவில்லை. அந்தக் கிணறு கடைசி வாரம் வரை எல்லோருடைய கணக்கிலும் குறுக்கே வந்தது. வீரர்கள் எந்தக் கிணற்றில் குடிப்பார்கள்? கோடையில் ஒன்று வற்றினால்?

ஆல்டரின் விளையாட்டில் இதற்கு இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, கலந்துரையாடல். கூட்டத்தைக் கூட்டினால் ஆளுக்கு ஒரே ஒரு முறைதான் பேசலாம். பேசி முடித்ததும் கூட்டம் கலைந்துவிடும், தீர்மானம் கிடையாது. நம்மூர் சினிமா பஞ்சாயத்தில் கடைசியாக நாட்டாமை வாய் திறந்தால்தான் காட்சி முடியும். இங்கே அந்த நாற்காலி காலியாகவே கிடக்கிறது. இன்னொன்று, கசப்பு வில்லைகள். உன்னைக் கலக்காமல் ஏதாவது நடந்தால், ஒரு வில்லையை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் புளியங்கொட்டை வைத்தோம். பிறகு சுயநலமாக ஏதாவது செய்யும்போதோ, யாராவது மனதுக்குப் பிடித்ததைச் செய்யும்போதோ அதைத் திருப்பிப் போடலாம். ஆட்டத்தின் முடிவில் கையில் மிஞ்சிய கொட்டைகளுக்கு மதிப்பெண் எதுவும் இல்லை. அவை சும்மா அங்கே இருக்கும், ஊரில் வருடக்கணக்காகச் சொல்லப்படாமல் இருக்கும் மனக்கசப்புகளைப் போல.

லாவணிக்கும் இதற்கும் உள்ள உறவு இங்கேதான் எனக்குப் புரிந்தது. இரண்டிலும் தீர்ப்பு முக்கியமில்லை. உன் முறையில் நீ சொன்னதை அடுத்தவர் அழிக்க முடியாது, அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கிணறு வரையப்பட்டுவிட்டது, இனி அதைச் சுற்றித்தான் கதை போகும். டன்ஜன் மாஸ்டர் இருந்திருந்தால் “சரி, அதைப் பிறகு பார்ப்போம்” என்று ஒரே வரியில் அந்தக் கிணற்றைத் தூர்த்திருக்கலாம்.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வேலு நாச்சியார் இன்று சிலைகளிலும் மேடைகளிலும் இருப்பவர். யாரோ புனைந்த சம்பவம் வாட்ஸப்பில் நான்கு கை மாறினால் வரலாறாகிவிடும் காலம் இது. எங்கள் கிணறும் ஒருநாள் ‘விருப்பாச்சியின் மறைக்கப்பட்ட உண்மை’ என்று யாருக்காவது ஃபார்வர்டு ஆகக்கூடும். ஆவணத்தில் இல்லாதவர்களுக்கு இடம் கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு இல்லாத ஆவணத்தை உண்டாக்கினால், அவர்களுக்கு இரண்டாவது முறையும் அநியாயம் செய்தவர்களாவோம். அவர்களுடைய உண்மையான பெயர்களைத் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும்.

அதனால் ஆட்டம் முடிந்ததும் ஒரு வேலை செய்தோம். எங்களில் வரலாற்று ஆசிரியராக இருப்பவர் சொன்ன யோசனை. நூல்களில் ஆதாரம் உள்ளவற்றின் மேல் மட்டும் கறுப்பு மையால் எழுதினோம். நாங்கள் இட்டுக்கட்டியதெல்லாம் நீலமாகவே இருக்கட்டும் என்று விட்டோம்.

52 வாரம் வரைந்த தாளில் கறுப்பு மை ஐந்தே இடத்தில்தான் விழுந்தது. மலை, பாளையம், ராணி, மகள், பாளையக்காரர். மீதி முழுக்க நீலம். சமையல்கட்டு, மாட்டுத்தொழுவம், சந்தைக் கடன், ஆடிக்காற்றில் பறந்த கூரை, இரண்டு கிணறு. நாங்கள் தேட வேண்டியவை எவை என்பதற்கு அந்த நீலம்தான் பட்டியல். ஆசிரியர் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். 18ஆம் நூற்றாண்டு நிலவரிக் கணக்குகளில் எங்காவது கிணறு, குளம் பற்றிய வரிகள் கிடைக்கின்றனவா என்று பார்க்கப்போகிறாராம்.