பில்ட்மோர் மாளிகை கற்பிக்கும் பாடம்

பொருளீட்டுதல் ஒரு திறமை. ஈட்டிய பொருளைத் தலைமுறைதோறும் காத்தல் வேறொரு திறமை. முன்னையது நம் முன்னோர்க்கு வாய்த்திருந்தது. பின்னையது நமக்கு வாய்த்துளதா என்பதை ஆராய்வதற்குத் துணையாக, அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள பில்ட்மோர் மாளிகையின் சரித்திரத்தை நம் சகோதரர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

கொர்னீலியஸ் வாண்டர்பில்ட் என்பார் படகுத் தொழிலில் தொடங்கி, நீராவிக் கப்பல்களாலும் இருப்புப் பாதைகளாலும் பெருந்தனவந்தரானார். அவர்தம் பேரர் ஜார்ஜ் வாண்டர்பில்ட், வட கரோலினா மாகாணத்தில் ஆஷ்வில் நகரையடுத்துச் சுமார் 1,25,000 ஏக்கர் நிலம் வாங்கி, 1889 முதல் 1895 வரை முயன்று, 250 அறைகளுள்ள மாளிகையொன்றைக் கட்டுவித்தார். மரங்கள் வெட்டப்பட்டு வளங்குன்றிக் கிடந்த அந்நிலத்தில், ஓம்ஸ்டெட் என்னும் நிபுணரின் யோசனைப்படி வீட்டருகே பூங்காவும், ஆற்றோரத்தே பண்ணையும், ஏனைய இடத்தே காடும் அமைந்தன. நிலத்தின் இயல்பறிந்து தொழில் வகுத்தது இது. பண்ணைப்பால் விலைக்குச் சென்றது. 1898-இல் வனத்தொழிற் பள்ளியொன்றும் தோன்றிற்று. எனினும் மாளிகைச் செலவு அவர் செல்வத்தைக் கரைத்துக்கொண்டே வந்தது.

1914-இல் ஜார்ஜ் காலமாகவே, அவர் மனைவியார் எடித் அம்மையார் சுமார் 87,000 ஏக்கர் காட்டை அரசாங்கத்திற்கு விற்றார். கௌரவம் குன்றுமென்று அஞ்சித் தாங்கவொண்ணாப் பாரத்தைச் சுமந்து நின்றாரல்லர். 1930-இல், நாடெங்கும் வியாபாரம் மந்தித்திருந்த காலத்தில், அவர் மகளும் மருமகனும் கட்டணம் பெற்று மாளிகையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர்.

1960-இல் ஜார்ஜின் மகள்வயிற்றுப் பேரர் வில்லியம் செசில், வங்கி உத்தியோகத்தைத் துறந்து நிர்வாகத்தை ஏற்றபோது மாளிகை நஷ்டத்திலேயே நடந்தது. எட்டாண்டு உழைப்பின் பின், 1968-இல் அவர் கண்ட முதல் இலாபம் 16 டாலர் 34 செண்டு! அத்தொகையை அற்பமென்றெண்ணி அவர் சோர்ந்தாரல்லர். இலாபத்திற்காக மாளிகையைக் காப்பதன்று, மாளிகையைக் காக்கவே இலாபம் என்பது அவர் கொள்கை. 1979-இல் பாகப்பிரிவினையில் தமையனார் பால்பண்ணையைக் கொள்ள, இவர் மாளிகையைக் கொண்டார். 1985-இல் பழைய பால்பண்ணைக் கொட்டிலே திராட்சை மதுச்சாலையாக மாறிற்று. இன்றும் அம்மாளிகை அக்குடும்பத்தார் வசமே உளது.

நம்மவருள்ளும் முன்னோர் கட்டிய வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் வாங்குவோர் உளர். பங்காளி வழக்கால் அதனைப் பூட்டி வைப்போரும் உளர். பூட்டிய வீடு கறையானுக்கன்றோ உணவாகும்? பெருமைக்கென எழுந்த வீடும் உழைத்துத் தன் செலவைத் தான் தேடிக்கொள்ளல் வேண்டும். தாங்க இயலாததைக் காலத்தே விடுக, எஞ்சியதைத் தொழிலாக்குக, சிறு இலாபத்தையும் கணக்கில் எழுதுக. பாட்டன் தேடிய பொருளுக்குப் பேரன் செலுத்தும் நன்றி இதுவேயாம்.