ஏட்டில் ஏறாத பச்சிலை

ஓசூரில் ஒரே செடிக்கு மூன்று பெயர். தமிழ் வீட்டில் கற்பூரவல்லி, கன்னட வீட்டில் தொட்டபத்ரெ, தெலுங்கு வீட்டில் வாமாகு. குழந்தைக்குச் சளி பிடித்தால் நாங்கள் இலையை வாட்டிச் சாறு பிழிந்து தேனோடு கொடுப்போம். கன்னட வீடுகளில் அதே இலையைத் தேங்காய், சீரகத்தோடு அரைத்து மோரில் கலக்கி, தம்புளி என்று சோற்றில் பிசைந்துகொள்வார்கள். 1956இல் மொழிவாரியாக மாநில எல்லை வகுத்த பிறகும் இங்கே பெண் கொடுத்து எடுப்பது நிற்கவில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டுச் செடியைக் காட்டிக் கேட்டாலும், “அம்மா வீட்டிலிருந்து ஒடித்து வந்த கிளை” என்றுதான் பதில் வரும். 1970களில் சிப்காட் வந்தது. கொல்லைகள் லைன் வீடுகளாயின. செடி தரையிலிருந்து பெயின்ட் டப்பாவுக்கு ஏறியது. தண்ணீர் ஊற்றும் கை மட்டும் மாறவில்லை; ஷிப்ட் முடித்து வந்து கஷாயம் வைப்பதும் அதே கைதான்.

இந்த வரலாற்றை ஏடுகளில் தேடினால் வேறு ஆட்கள்தான் கிடைக்கிறார்கள். டச்சு ஆளுநர் வான் ரீட் மலபார்ச் செடிகளைத் தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்’, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும் மூன்று கொங்கணி பிராமணர்களும் சான்றுரை தந்திருக்கிறார்கள். சாதி இறுகியிருந்த அந்தக் காலத்தில் ஓர் ஈழவரின் பெயர் அச்சேறியது சின்ன விஷயமல்ல. ஆனாலும் நால்வரும் ஆண்கள். 1921இல் சென்னை அரசு அமைத்த உஸ்மான் குழுவும் உள்நாட்டு மருத்துவம் பற்றிய தன் கேள்விகளை வைத்தியர்களிடமும் ஹக்கீம்களிடமும்தான் கேட்டது.

ஏடு இல்லாததன் விலை மஞ்சள் வழக்கில் தெரிந்தது. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுக்கப்பட்டது. நம் அடுப்படியில் நிற்கும் எந்தப் பெண்ணும் சிரித்திருப்பாள். ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வேறொரு நாட்டில் அது வழக்கத்தில் இருந்தது என்பது மட்டும் போதாது, அச்சில் இருக்க வேண்டும். இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களையும் மருத்துவ இதழ்க் கட்டுரைகளையும் திரட்டிக் காட்டிய பிறகே, 1997இல் காப்புரிமை ரத்தானது. வென்றது நல்லதுதான். ஆனால் சாட்சி சொன்னது காகிதம். 2001இல் தொடங்கிய மரபு அறிவு மின்நூலகமும் ஆயுர்வேத, யுனானி, சித்த நூல்களிலிருந்தே எடுக்கிறது. நூலில் இல்லாத என் பக்கத்து வீட்டு அத்தையின் பக்குவம் அதில் எப்படிச் சேரும்?

பெண்களின் செடி அறிவு அரசாங்கக் காகிதத்தில் ஏறிய இடம் ஒன்று உண்டு, அது குற்றப்பதிவேடு. கிருஷ்ணகிரி 2004 வரை தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தப் பழைய மாவட்டத்திலும் சேலத்திலும் நடந்த பெண்சிசுக்கொலைகள் வெளியே தெரியவந்தபோது, எருக்கம்பாலும் அரளி விதையும் செய்திகளில் அடிபட்டன. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. பழி தாய் மேலும் பாட்டி மேலும் மருத்துவச்சி மேலும் விழுந்தது. வரதட்சணைக் கணக்குப் போட்டு “பெண் வேண்டாம்” என்ற வீட்டு ஆண்கள் பெரும்பாலும் திண்ணையிலேயே இருந்துவிட்டார்கள். மருந்து அரைத்த கைக்கு நஞ்சும் தெரிந்திருந்தது. அதை மறைத்துவிட்டுப் பாட்டி வைத்தியத்துக்குப் புகழ் பாட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண்களை மட்டும் கூண்டில் நிறுத்தவும் மனம் வரவில்லை.

இப்போது பக்குவங்களைக் குறித்துக்கொள்ளும்போது, சொன்னவர் பெயரையும் பிறந்த ஊரையும், அவருக்கு அது யாரிடமிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். “இதைப் போயா எழுதறீங்க அக்கா?” என்று பலரும் சிரிக்கிறார்கள். தளிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் மாமியார் பெயரைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, “இல்ல, அது எங்கம்மா சொன்னது, அவங்க பேரை எழுதுங்க” என்றார்.