தொடுதலும் திரும்பச் சேர்த்தலும்: செங்கல்பட்டு வட்டாரத்தில் கிறிஸ்தவ நலமளித்தலின் இரு பாதிகள்

சோர்ந்தவர்களுக்கும் நொறுங்கியவர்களுக்கும் கிறிஸ்தவம் தரும் நம்பிக்கை யாது என்ற கேள்விக்குத் தமிழகத்தில் இன்று கிடைக்கும் பதில் பெரும்பாலும் அகம் சார்ந்தது. உபவாச ஜெபத்திலோ சுகமளிக்கும் ஆராதனையிலோ ஒருவர் தம் பாரத்தை இறக்கிவைக்கிறார். பின்னர் சபை நடுவே சாட்சி சொல்கிறார். அத்துடன் கதை முடிந்துவிடுகிறது. மாமல்லபுரம் தொடங்கிப் புதுப்பட்டினம் வரையுள்ள கடற்கரைச் சபைகளையும் இதற்கு விலக்காகக் கொள்ள முடியாது. இந்த ஆறுதல் மெய்யானதே; ஆனால் அது பாதிதான் என்பது இக்கட்டுரையின் வாதம். மறுபாதி எது என்பதைப் புதுப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக எட்டிவிடக்கூடிய செங்கல்பட்டின் வரலாறே காட்டுகிறது.

வாதத்தின் அடிப்படை மாற்கு 1:40–44-இல் உள்ளது. தொழுநோயாளி ஒருவரை இயேசு தொடுகிறார். தொட்ட பிறகு, ஆசாரியனிடம் போய்த் தன்னைக் காட்டும்படி அவரை அனுப்புகிறார். லேவியராகமம் 14 விவரிக்கும் அச்சடங்கு, பாளயத்துக்கு வெளியே வைக்கப்பட்டவரை மீண்டும் உள்ளே ஏற்பதற்கானது. ஆக, நலமளித்தலில் இரு செயல்கள் உள்ளன: தொடுதல், திரும்பச் சேர்த்தல். முதலாவது இருவருக்கு இடையில் நிகழ்ந்துவிடும். இரண்டாவதற்கு ஊர் முழுவதும் இசைய வேண்டும்.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1920-களில் உருவான லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் இவ்விரண்டையும் சோதித்த இடம். ஸ்காட்லாந்து மிஷனின் பொறுப்பில் நடந்த இவ்வில்லத்துக்கு 1935-இல் தலைமை மருத்துவராக வந்தவர் ராபர்ட் காக்ரேன். அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் 1941-இல் தொடங்கிய சோதனையில் சல்போன் வகை மருந்துக்குப் பலன் தெரிந்ததை அடுத்து, அவ்வகையின் மூலப்பொருளான டாப்சோனை 1946-இல் எண்ணெயில் கலந்து ஊசியாகச் செலுத்திப் பார்த்தவர்களுள் அவர் முன்னோடி. பின்னாளில் உலகெங்கும் தொழுநோய்க்குரிய முதன்மை மருந்தாக டாப்சோன் பரவியது.

அதே வளாகத்துக்கு 1947 வாக்கில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து அறுவை மருத்துவர் பால் பிராண்ட் வந்தார். கொல்லிமலையில் பிறந்த மிஷனரி மகன் அவர். விரல்கள் மடங்கிப்போன நோயாளி ஒருவரிடம் தம் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னபோது, அந்தப் பிடியின் வலு அவருக்கு வலித்தது. செயலிழந்தது என்று எல்லோரும் கைவிட்ட கையில் நல்ல தசைகள் எஞ்சியிருந்தன. அந்தத் தசைகளின் நாண்களை இடம்மாற்றி விரல்களை நிமிர்த்தும் அறுவை முறை வேலூரில் வளர்ந்தது. கை கொடுக்கத் துணியாத ஒருவருக்கு இந்த உண்மை தட்டுப்பட்டிருக்காது. இங்கே தொடுதல் இரக்கத்தின் அடையாளமாக மட்டும் நிற்கவில்லை. அறிவுக்கும் அதுவே வழி திறந்தது.

ஆனால் சிக்கலும் அங்கேயே எழுந்தது. கை சீரான நோயாளிகள் ஊர் திரும்பியபோது அவர்களுக்கு வேலை கொடுப்பாரில்லை. கோணல் கையைக் காட்டிப் பெற்றுவந்த பிச்சையும் நின்றுபோனது. உடல் தேறியது, வாழ்க்கை தேறவில்லை. தச்சு முதலான தொழில்களைக் கற்பிக்கும் நவஜீவ நிலையம் வேலூரில் தோன்றியதற்கு இதுவே காரணம். தொழுநோய் இல்லம் என்ற அமைப்பிலேயே ஒரு முரண் இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. அன்போடு நடத்தப்பட்டாலும் அது ஊருக்கு வெளியே வைக்கும் ஏற்பாடுதான். தொடுதலை நிறைவேற்றிய மிஷன், திரும்பச் சேர்த்தலைத் தள்ளிப்போட்டது.

அத்தள்ளிப்போடல் எவ்வளவு நீண்டது என்பதற்குச் சட்டமே சான்று. நோயாளிகளைப் பிரித்துவைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்குரிய 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தின் கதை இன்னும் உறுத்துவது. உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையை 1981-இலேயே பரிந்துரைத்துவிட்டது. ஆயினும் அச்சட்டம் 2001-இல் திருத்தப்பட்டபோது, தீராத தொழுநோய் மணமுறிவுக்கான காரணங்களுள் ஒன்றாக அதில் இடம்பெற்றது. 2019-இல்தான் அது அகற்றப்பட்டது. நோயைத் தொட்டுக் குணப்படுத்திய சமயத்தவரின் திருமணச் சட்டத்திலேயே அந்த விலக்கம் பதினெட்டு ஆண்டுகள் குடியிருந்தது.

நொறுங்குதல் நோயால் மட்டும் வருவதில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கை, இம்மாவட்டத்துப் பறையர்களின் நலிவுக்கு நிலமின்மையையும் அடிமைத்தனத்தையும் காரணமாகக் காட்டியது. ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகளும் அவர்களுக்காகக் குரல்கொடுத்தனர். 1892-இல் வந்த அரசாணை, ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களுக்கு வழிவகுத்தது. அந்நிலங்கள் கைமாறிப்போன கதை பின்னர் தொடர்ந்தது. காரணையில் பஞ்சமி நில மீட்புக்காக எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூடு இருவரின் உயிரைப் பறித்தது. நிலத்தை இழந்தவரிடம் மனப்பாரத்தை இறக்கிவைக்கச் சொன்னால் மட்டும் போதாது என்பதை இந்த நூறாண்டு சொல்கிறது.

இங்கே இரு மறுப்புகள் எழலாம். டாப்சோன் குணப்படுத்தியதில் விசுவாசத்துக்கு என்ன பங்கு என்பது முதலாவது. மருந்தை விசுவாசம் கண்டுபிடிக்கவில்லை என்பது சரி. மருந்து வருவதற்கு முன்பே, பலன் தெரியாத ஆண்டுகளில், அந்த வளாகத்தில் தங்கியிருக்க ஆட்களைத் தந்தது அது. இரண்டாவது மறுப்பு கனமானது: சமூகத்தையே பேசினால், எதுவும் திரும்பிவராத இழப்பில் தனியாகக் கிடப்பவருக்கு என்ன சொல்வது? வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸின் வாழ்க்கையை இங்கே நினைக்கலாம். 1954-இல் நேர்ந்த வாகன விபத்து அவர் கால்களைச் செயலிழக்கச் செய்தது. அவர் மீண்டும் நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966-இல் வேலூரில் அதற்கென நிலையம் உருவாக முன்னின்றார். அவருடைய அகத்தின் ஆறுதலை யாரும் குறைத்துமதிப்பிட முடியாது. அந்த ஆறுதல் பணியாக விரிய, அவரை வேலைக்குத் திரும்ப அழைத்த ஒரு நிறுவனமும் தேவைப்பட்டது.

இளைப்பாறுதலை வாக்களிக்கும் மத்தேயு 11:28-ஐ அடுத்து வரும் வசனம் நுகத்தைப் பற்றியது என்பதை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். நுகம் பெரும்பாலும் இணைமாடுகளுக்கு உரியது. தனியாகச் சுமப்பவருக்குத் தரப்படும் ஓய்வு, கூடச் சுமப்போரின் நடுவில் கிடைக்கும் ஓய்வாகிறது. எனவே நம்பிக்கையை அளக்கும் அளவுகோலும் மாற வேண்டும். பாரம் இறங்கியதா என்று ஒருவரைக் கேட்கும் சபை, அவருக்கு வேலையும் வீடும் பந்தியில் இடமும் திரும்பக் கிடைத்தனவா என்று தன்னையும் கேட்க வேண்டும். சாட்சி சொல்லும் கடமை, குணமடைந்தவரைவிட அவரை ஏற்க வேண்டிய ஊருக்கே அதிகம் உண்டு.