குடிசை நின்ற மண் யாருடையது?

தஞ்சையை நெற்களஞ்சியம் என்று புகழாத நாவில்லை. வகுப்பறையில் நாமும் அவ்வாறே கற்பிக்கிறோம். ஆனால் அந்தக் களஞ்சியத்தை நிரப்பிய கைகள் யாருடையவை, அந்தக் கைகளுக்கு உரியவர் இரவில் எந்த மண்ணில் படுத்தார் என்னும் கேள்விகளைப் பாடநூல் எழுப்புவதில்லை. நாம் எழுப்புவோம்.

1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. மாகாணமெங்கும் ஜமீன்கள் சாய்ந்தன. காவிரிக் கழிமுகத்திலோ நிலத்தின் பெரும்பகுதி மிராசுதாரர்களிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் இருந்தது. ஜமீன்மீது எறிந்த கல் மிராசுதாரர் மாளிகையைத் தொடவில்லை!

மிராசுதாரருக்குக் கீழே குத்தகைதாரர். அவருக்கும் கீழே பண்ணையாள்; பெரும்பாலும் சேரியில் ஒதுக்கப்பட்ட ஆதிதிராவிடர். உழைப்பு அவருடையது, விளைச்சல் அவருடையதன்று. குடிசை அவர் கட்டியது. குடிசை நின்ற மண் பண்ணையாருடையது. எதிர்த்துப் பேசினால் சாட்டையடி, சாணிப்பால். அதற்கும் அஞ்சாதவனை அடக்க, 'குடிசையைப் பிரித்துக்கொண்டு போ' என்னும் ஒரே சொல் போதும். இது தலைவிதி என்று அவனுக்குப் போதித்தவர்கள், பட்டாவைத் தம் பெயரில் எழுதிக்கொள்ளும்போது மட்டும் விதியை நம்பியிருக்கவில்லை!

1940களில் சீனிவாசராவ் போன்ற பொதுவுடைமைத் தோழர்கள் சேரிகளில் சங்கம் அமைத்தனர். குனிந்த முதுகு நிமிர்ந்தது. 1952இல் இராஜாஜி அரசு தஞ்சைக்கெனப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றது. பண்ணையாளைக் காரணமின்றி நீக்கக் கூடாது என்றது. விளைந்தது என்ன? பண்ணையாளை வைத்திருந்தால்தானே பாதுகாப்பு! மிராசுதாரர் பலர் பண்ணையாட்களை விலக்கி, அன்றாடக் கூலிக்கு ஆளமர்த்தினர். அடிமை என்னும் பெயர் அழிந்தது; அத்துடன் சட்டம் தந்த காப்பும் அழிந்தது.

1961இல் காங்கிரசு ஆட்சி நில உச்சவரம்பு விதித்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர். 1970இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. ஆனால் அறநிலையங்களுக்கு விலக்கு. கரும்பு நிலத்துக்கு விலக்கு. எஞ்சியதை உறவினர் பெயரிலும் பினாமி பெயரிலும் மாற்றி எழுதினர். ஏட்டில் நிலம் பிரிந்தது, வயலில் பிரியவில்லை.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டவர்கள், சங்கத்தை விடமாட்டோம் என்றவர்கள் தாக்கப்பட்டனர். தப்பி ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அப்போது முதலமைச்சர் அண்ணா. நாம் போற்றும் ஆட்சியில்தான் அத்தீ எரிந்தது என்பதை மறைத்துவிட்டுப் பகுத்தறிவு பேச நமக்கு உரிமையில்லை. 1973இல் உயர்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை விடுவித்தது என்பதையும் சேர்த்தே எழுதுவோம்.

அந்தச் சாம்பலுக்குப் பின்னரே 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971இல், கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது, குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது: பண்ணையார் மண்ணில் குடியிருந்த உழவருக்கும் உழவுத் தொழிலாளருக்கும் அந்த மனையே சொந்தம். பரப்பில் அது சிறிது. ஒரு வேலி நிலத்துக்கு முன் கையகலம். ஆனால், 'குடிசையைப் பிரித்துக்கொண்டு போ' என்னும் சொல்லின் நாவை அறுத்தது அதுதான்! வயலைப் பங்கிடுவதாகச் சொன்ன சட்டங்கள் சாதிக்காததை, வாசற்படியைத் தொட்ட சட்டம் சாதித்தது. போக்கிடமற்றவன் பேரம் பேச முடியாது; காலூன்ற இடமுள்ளவனே 'முடியாது' என்று சொல்ல முடியும்.

எனினும் மனை கிடைத்ததோடு கணக்கு முடிந்துவிடவில்லை. உழுபவனுக்கு நிலம் என்னும் கணக்கு நிலுவையில் நிற்கிறது. இளைஞர்களே, மேடையில் முழங்கும் முன் உங்கள் ஊர் நிலப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, வெயிலில் நிற்பவர் யார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். நில வரலாற்றின் அடுத்த பாடம் அந்த ஏட்டில்தான் இருக்கிறது.